மாத்திரை போட்ட நாளை எண்ணுங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒருவருக்குத் தலைவலி மாசக்கணக்கில் விடாமல் இருந்தால் எல்லோரும் சொல்வது சைனஸ். "பனி ஒத்துக்கல, தலையில நீர் கோத்திருக்கு" என்பார்கள். குல்லா, மப்ளர், ஆவி, யூகலிப்டஸ் தைலம், கூடவே கடையில் வாங்கிய மாத்திரை என்று வருஷங்கள் ஓடிவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் 'தீராத தலைவலி' என்று பெயர் வாங்கியதில் பெரும்பகுதி முறையாக வைத்தியம் பார்க்கப்படாத மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி. குளிர் அதைக் கிளப்பிவிடலாம். ஆனால் அதைத் தீராததாக ஆக்குவது பெரும்பாலும் நாம் மாத்திரை போடும் விதம்தான்.

கண்ணில் நீர் வடிவது, மூக்கடைப்பு, கன்னத்தில் அழுத்தம் எல்லாம் மைக்ரேனிலும் வரும். முகத்துக்கு உணர்ச்சி தரும் ட்ரைஜெமினல் நரம்பு கிளர்ந்தால் கண்ணீர்ச் சுரப்பியையும் மூக்குச் சவ்வையும் சேர்த்தே கிளறிவிடும். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய சுமார் 3,000 பேரைப் பரிசோதித்தார்கள். அதில் 88 சதவீதம் பேரின் வலி மைக்ரேன் வகையாகவே இருந்தது. சைனஸ் தொற்று என்றால் மஞ்சள் அல்லது பச்சைச் சளி வரும், வாசனை தெரியாது, பலருக்குக் காய்ச்சலும் இருக்கும். மைக்ரேன் மருந்தில்லாமல் விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நிற்கும். ஏற்றம் ஏறினாலே தெறிக்கும். இரண்டு பக்கமும் வலிக்கலாம். மூன்று கேள்வி போதும்: வலியோடு குமட்டுகிறதா? வெளிச்சம் ஆகவில்லையா? கடந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது வேலை கெட்டதா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் மைக்ரேன் என்று வைத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம். வலி மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் இதற்குத் தனி இடமே இருக்கிறது. பாராசிட்டமால், இபுபுரூஃபன், நாப்ராக்சன் போன்ற ஒற்றை மருந்து என்றால் மாதத்துக்கு 15 நாள். கஃபீன் கலந்த கூட்டு மாத்திரை, மைக்ரேனுக்கென்றே உள்ள எர்கோட்டமின், டிரிப்டான், கடும் வலிக்கான டிராமடால் வகை என்றால் 10 நாளே எல்லை. மூன்று மாதத்துக்கு மேல் இந்த எல்லையில் இருந்தால், இடையிடையே வந்துகொண்டிருந்த மைக்ரேன் அனேகமாக தினசரித் தலைவலியாகிவிடும். வலி அடக்கும் அமைப்பே பழுதாகி, மருந்து இறங்கியதும் மூளை அடுத்த வலிக்குத் தயாராகிவிடுகிறது. காலையில் கண் விழிக்கும்போதே வலி, மாத்திரை போட்டால் நாலு மணி நேரம் நிம்மதி, மறுபடி வலி என்று இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கவனியுங்கள், எண்ண வேண்டியது மாத்திரையை அல்ல, நாளை. ஒரே நாளில் மூன்று போட்டாலும் ஒரு நாள்தான். தினம் அரை மாத்திரை போடுகிறவருக்கு 30 நாள். "நான் அரைதான் போடுறேன்" என்று தைரியமாக இருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சமையலறைக் காலண்டரில் வலி வந்த நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம் போடுங்கள். மாத முடிவில் வட்டங்கள் 8ஐத் தாண்டினால் உஷார்.

எல்லை தாண்டியவர்கள் அந்த மாத்திரையை நிறுத்தித்தான் ஆக வேண்டும். சாதாரண வலி மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தலாம். டிராமடால், தூக்க மாத்திரை எல்லாம் டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான். நிறுத்தியதும் 2 முதல் 10 நாள் வரை வலி முன்பைவிட மோசமாகும். வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை வரும். பலரும் நாலாம் நாள் தோற்றுப்போய் "எனக்கு மாத்திரை இல்லாம முடியாது" என்று முடிவுக்கு வருவது இங்கேதான். இடைப்பட்ட நாட்களுக்கு வேறு மருந்தை டாக்டர் தருவார், கேட்டு வாங்குங்கள். தேயிலைக் கொழுந்து அதிகமாக வரும் வாரத்திலோ பிள்ளைகளின் பரீட்சை நேரத்திலோ இதை ஆரம்பிக்காதீர்கள். நிறுத்திய பலன் முழுசாகத் தெரிய இரண்டு மாதம் ஆகும்.

வலி வரும் நாளில் மாத்திரை போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. "தாங்க முடியாமல் போனால் போடுவோம்" என்று காத்திருப்பது தவறு. மைக்ரேன் தொடங்கினால் இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடும், மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும். அதனால் வலி லேசாக இருக்கும்போதே, முதல் ஒரு மணி நேரத்துக்குள், முழு அளவில் போட வேண்டும். பெரியவர்களுக்கு நாப்ராக்சன் 500 மில்லிகிராம் அல்லது பாராசிட்டமால் 1,000. குமட்டல் இருந்தால் அதோடு டோம்பெரிடோன் 10. அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நாப்ராக்சன் கூடாது. இதற்கு மசியாத வலிக்கு சுமாட்ரிப்டான் 50 அல்லது ரிசாட்ரிப்டான் 10 இருக்கிறது, சீட்டோடுதான் வாங்க வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், அடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இந்த டிரிப்டான் வகை கூடாது. எர்கோட்டமின் கலந்த பழைய மாத்திரையைப் போட்ட 24 மணி நேரத்துக்குள் டிரிப்டான் போடவே கூடாது. இரண்டும் ரத்தக் குழாயைச் சுருக்குபவை.

மலைக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் வரும் தலைவலி மைக்ரேன் அல்ல, கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவின் வேலை. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் ஓடினாலும் அதே கதை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே வந்ததும் குறைந்தால் அன்றே அடுப்பை வெளியேற்றுங்கள். இது உயிர் போகிற விஷயம்.

தைலங்கள். மைக்ரேன்காரருக்குக் கடும் வாசனையே வலியைக் கிளப்பும், ஆகவே யூகலிப்டஸ் தைலம் ஒருவருக்கு இதமும் இன்னொருவருக்கு உபத்திரவமுமாக இருக்கும். ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவு. ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தேய்க்கவும் கூடாது.

தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று பெண்கள் சொன்னால் நம்புங்கள். மும்பைத் தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர் 2006இல் இந்திய நோயாளிகள் 94 பேரை வைத்து இதையே எழுதியிருக்கிறார். நீளமான முடி இந்தக் குளிரில் லேசில் உலராது. வெயில் உள்ள நாளில் முற்பகலில் குளித்து, உடனே டவலால் ஒற்றி, டிரையரில் வேர்க்கால் வரை உலர்த்திவிடுங்கள். ஈரத்தோடு கொண்டை போட வேண்டாம்.

டீ விஷயத்தில் அளவைவிட ஒழுங்குதான் முக்கியம். தினம் ஐந்தாறு டம்ளர் குடிக்கிறவர் ஒரு நாள் விட்டால் 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரும். இரண்டு டம்ளர், தினம் ஒரே நேரத்தில், அதுவும் சாப்பாட்டுக்குப் பதிலாக இல்லாமல். குறைக்க நினைத்தால் மூன்று நாலு நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள். குளிரில் தாகம் தெரியாது, தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீரையே தவிர்க்கிறார்கள். அந்த இடத்தைக் கட்டித்தருவதும் மைக்ரேன் வைத்தியத்தில் சேர்ந்ததுதான் என்பேன்.

"உயரம்தான் காரணம், கோயம்புத்தூருக்குக் குடிபோங்க" என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. உயரத்தால் வரும் தலைவலி என்று வகைப்படுத்துவது 2,500 மீட்டருக்கு மேல் ஏறினால்தான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், அங்கேயே பிறந்து வளர்ந்த உடம்பு அதற்குப் பழகியது. பிரச்சினை பயணத்தில்தான். கல்லாறு பாக்குத் தோப்பு தாண்டி ஏறும்போது மரங்களுக்கு நடுவே வெயில் விட்டுவிட்டுக் கண்ணில் வெட்டும். அந்த மின்னலும் கொண்டை ஊசி வளைவும் சேர்ந்தால் பர்லியாறு வருவதற்குள் தலை பிடித்துக்கொள்ளும். முன் சீட், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பாதி வயிறு, செல்போன் பார்க்காமல் இருப்பது. இவ்வளவும் செய்தால் பயணம் ஓரளவு தாங்கும்.

மாதத்தில் நாலு நாளுக்கு மேல் வேலை கெடுகிறது என்றால் வலி மாத்திரையை விட்டுத் தடுப்பு மருந்துக்குப் போக வேண்டும். ப்ராப்ரனலால், ஆமிட்ரிப்டிலின், டோபிரமேட், ஃப்ளூனரிசின் எல்லாம் பழைய மருந்துகள்தான். ஆஸ்துமா இருந்தால் ப்ராப்ரனலால் ஆகாது. தூக்கமில்லாதவருக்கு ஆமிட்ரிப்டிலின் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள், வாய் உலரும். டோபிரமேட் 25இல் தொடங்கி வாரம் 25 வீதம் 100 வரை ஏற்றுவது வழக்கம். விரல் நுனி மரமரக்கும், பயப்பட வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஃப்ளூனரிசினில் எடை ஏறும், மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கூடாது. கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் டோபிரமேட், வால்ப்ரோயேட் இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

எந்த மருந்தானாலும் சரியான அளவுக்கு வந்தபின் 8 முதல் 12 வாரம் தர வேண்டும். பதினைந்து நாளில் "கேக்கல" என்று நிறுத்துவது, அடுத்த டாக்டரிடம் புதிதாகத் தொடங்குவது, இப்படி நாலு மருந்தை வீணாக்கியவர்கள்தான் மருந்துக்கு மசியாதவர் என்று பெயர் வாங்குகிறார்கள். வலி பாதியாகக் குறைந்தாலே அது வெற்றி. முழுசாக நிற்கவில்லை என்று விடாதீர்கள், 6 மாதமாவது தொடருங்கள்.

இவ்வளவுக்கும் அடங்காமல் மாதம் 15 நாளுக்கு மேல் வலித்தால் போடாக்ஸ் ஊசி இருக்கிறது. நெற்றி முதல் தோள் வரை 31 இடத்தில் மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒருமுறை. பிடரி நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி ஒன்றும் உண்டு, செலவு குறைவு. மைக்ரேன் வலியில் பங்குள்ள சிஜிஆர்பி என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன, விலைதான் சாமானியருக்கு எட்டவில்லை.

சில தலைவலிக்கு இந்தப் பதிவு எதுவும் பொருந்தாது. நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, 50 வயசுக்கு மேல் புதிதாக வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் விளங்காமை, வலிப்பு, பிரசவமான சில வாரங்களுக்குள் வரும் கடும் வலி. இவற்றில் எது வந்தாலும் இரவென்று பார்க்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் வளைவு வளைவாய் மின்னிப் பிறகு வலி வரும் பெண்கள், கருத்தடை மாத்திரை கேட்கும்போது அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ளவை பக்கவாத அபாயத்தைக் கூட்டும்.

கோவைக்கு நரம்பியல் டாக்டரிடம் இறங்குகிறவர்கள் ஸ்கேன் படம் மட்டும் கொண்டுபோனால் போதாது. மைக்ரேனில் ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். மூன்று மாதக் காலண்டர் தாளையும், இதுவரை சாப்பிட்ட ஒவ்வொரு மருந்தின் அட்டையையும், எந்த அளவில் எத்தனை வாரம் சாப்பிட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்ற குறிப்பையும் எடுத்துப்போங்கள். அதைப் பார்த்தால் டாக்டர் பழைய மருந்திலேயே மறுபடி தொடங்க மாட்டார்.