ஞானத்தாயிடமும் ஞானத்தந்தையிடமும் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விகள்

குழந்தையின் திருமுழுக்குக்கு (ஞானஸ்நானத்துக்கு) நாள் குறித்தவுடன், பிள்ளையின் விசுவாச வளர்ப்புக்குத் துணை நிற்பதாக வாக்குக் கொடுக்கும் ஞானப்பெற்றோராக யாரை நிறுத்துவது என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடுகிறது. அதில் பெரும்பாலும் முன்னுக்கு வருவது உறவுமுறையும் மனத்தாங்கலும்தான். போன முறை அவரை விட்டுவிட்டோம், இந்த முறையும் விட்டால் வருத்தப்படுவார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. இந்தப் பிள்ளை வளர்ந்து கடவுளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், பொறுமையாக உட்கார்ந்து பேசக்கூடியவர்தானா இவர் என்று அநேகமாக யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, ஞானப்பெற்றோர் பொதுவாக 16 வயது நிறைந்தவராகவும், உறுதிபூசுதல், நற்கருணை ஆகிய அருட்சாதனங்களைப் பெற்றவராகவும், ஏற்றுக்கொள்ளும் பொறுப்புக்குத் தக்க விசுவாச வாழ்வு வாழ்பவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. பெற்ற தாயோ தந்தையோ அந்த இடத்தில் நிற்க முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. விசுவாசத்தைப் பற்றிப் பேச, பெற்றோரைத் தவிர இன்னொரு பெரியவரும் பிள்ளைக்கு வேண்டும் என்ற அறிவு இந்த விதியில் இருப்பதாக நான் நம்புகிறேன். ஏறத்தாழ கி.பி. 200ஆம் ஆண்டிலேயே, தொடக்ககாலக் கிறிஸ்தவ எழுத்தாளரான தெர்த்துல்லியன், குழந்தைகளுக்கு அவசரமாகத் திருமுழுக்கு கொடுப்பதை எதிர்த்தபோது, பிணை நிற்பவர்கள் இறந்துபோய் வாக்கு நிறைவேறாமல் போகலாமே, பிள்ளை வேறு விதமாக வளர்ந்துவிடலாமே என்று கவலைப்பட்டார். அவருடைய முடிவைத் திருச்சபை ஏற்கவில்லை. ஆனால் அந்த வாக்கின் கனத்தை அவர் உணர்ந்த அளவுக்கு இன்று நாம் உணர்கிறோமா என்பது எனக்கு ஐயமே.

என் ஞானப்பிள்ளைக்கு ஏழு வயதிருக்கும்போது, படம் வரைந்துகொண்டே தலை நிமிராமல், "தாத்தாவுக்காக நான் தினமும் செபம் செய்தேனே, அப்புறம் ஏன் செத்துப்போனார்?" என்று கேட்டாள். அம்மாவிடம் கேட்டாயா என்றேன். "அம்மா அழுவாங்க" என்று சொல்லிவிட்டு, பச்சைப் பென்சிலை வைத்துவிட்டு நீலத்தை எடுத்துக்கொண்டாள். நீ செய்த செபத்தில் குறை எதுவும் இல்லை, தாத்தா இப்போது கடவுளிடம் இருப்பதாக நான் நம்புகிறேன், ஆனால் ஏன் குணமாகவில்லை என்பது எனக்குத் தெரியாது என்று சொன்னேன். உனக்குத் தெரியாதா என்று வியப்போடு திரும்பக் கேட்டாள். தெரியாது என்றேன்.

இப்படிச் சொல்வது பிள்ளையின் விசுவாசத்தைக் குலைத்துவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. திருச்சபை கற்பிப்பது இது, நான் நம்புவது இது, எனக்கு விளங்காதது இது என்று பிரித்துச் சொன்னால் சிறு பிள்ளைக்கும் புரிகிறது. தாத்தாவைக் கடவுளுக்குப் பிடித்திருந்தது, அதனால் எடுத்துக்கொண்டார் என்ற ஆறுதல்தான் உண்மையில் ஆபத்தானது, ஏனென்றால் அடுத்து அம்மாவையும் பிடித்துப்போனால் என்ன செய்வது என்று அந்தப் பிள்ளை இரவெல்லாம் விழித்துக் கிடக்கக்கூடும். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று மிரட்டுவதும் இதே வகைதான். மிரட்டலுக்கு அடியாளாகக் கடவுளை நிறுத்திவிட்டு, பிறகு அவரிடம் அன்பாக இரு என்று எப்படிச் சொல்வது?

வேறு மதத்துத் தோழியும் மோட்சத்துக்குப் போவாளா என்ற கேள்வியும் ஒருநாள் வரும். தோழியைத் தாழ்த்தும் ஒரு சொல்கூட அந்தப் பதிலில் வரக் கூடாது. அவளுடைய வீட்டில் எப்படிச் செபிக்கிறார்கள் என்று அவளையே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லலாம்.

பதின்ம வயதில், இனிக் கோயிலுக்கு வர மாட்டேன் என்று பிள்ளை சொல்லும்போதுதான் பெற்றோர் ஞானப்பெற்றோரைத் தேடி வருகிறார்கள், அதுவும் பெரும்பாலும் புத்தி சொல்லச் சொல்லி. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 14ஆம் பிரிவில், சிந்தனை, மனச்சான்று, மதம் ஆகியவற்றில் குழந்தைக்குள்ள சுதந்திரத்தை ஏற்று, அதன் வளர்ச்சிக்குத் தக்கபடி பெற்றோர் வழிகாட்டும் உரிமையையும் கடமையையும் மதிக்கச் சொல்கிறது. ஏழு வயதில் கைப்பிடித்து அழைத்துச் சென்றதுபோல் பதினைந்து வயதில் இழுத்துச் செல்ல முடியாது. அந்த நேரத்தில் ஞானத்தாயோ ஞானத்தந்தையோ பெற்றோரின் தூதராகப் போகாமல், என்ன நடந்தது என்று கேட்க மட்டும் போக வேண்டும். பிள்ளையின் பாதுகாப்பைத் தொடும் செய்தியாக இருந்தாலொழிய, கேட்டதை வீட்டில் ஒப்பிக்கவும் கூடாது. அதைப் பெற்றோரும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.