900 என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

47 டெஸ்ட், அதாவது எங்கள் புரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எழுதிய 47 சோதனைகள். நாற்பத்தேழிலும் கடைசி வரி ஒன்றேதான்: எக்ஸ்பெக்ட்(ட்ரூ).டுபி(ட்ரூ). 'உண்மை உண்மைதானா?' என்று கேட்பது போல. இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இன்று காலை காபி ஆறுவதற்குள் வந்த புல் ரிக்வெஸ்ட் இது. "லின்ட் எரர் எல்லாம் சரிசெய்தாயிற்று" என்று மேலே ஒரு வரி வேறு. புரோகிராமை ஓட்டாமலே படித்துப் பார்த்துத் தப்பைச் சொல்லும் கருவிதான் லின்டர். எதைச் சரிசெய்தீர்கள்? ஒரே வரியை 47 இடத்தில் ஒட்டியிருக்கிறீர்கள்!

எக்ஸ்பெக்ட் இல்லாத டெஸ்டை லின்டர் எரர் என்று சொல்லும் விதியை நான் ஏன் போட்டேன் என்பது டீமில் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தள்ளுபடி டெஸ்டை மறக்க முடியுமா? பெயர் என்னவோ 'பத்து சதவீதத் தள்ளுபடி சரியாகக் கழிகிறது'. முதலில் ஷாப்பிங் கார்ட் உருவாக்குகிறது. மூன்று பொருள் போடுகிறது, மொத்தம் 1,000 ரூபாய். கூப்பனைச் சேர்க்கிறது. கணக்கிடும் ஃபங்ஷனை அழைக்கிறது. வந்த தொகையை ஒரு வேரியபிளில் வாங்கி வைக்கிறது. இதோ 900தானே என்று கேட்கப் போகிறது என்று பார்த்தால், கன்சோல்.லாக்: தொகையைத் திரையில் காட்டுவதோடு சரி. அவ்வளவுதான், அடைப்புக்குறியை மூடிவிட்டார்கள். பந்தி விரித்து, இலை போட்டு, தண்ணீரும் தெளித்தாயிற்று, சோறு மட்டும் வரவே இல்லை. அந்தக் கன்சோல்.லாக் இல்லாமல் இருந்திருந்தால், வேரியபிள் பயன்படவில்லை என்றாவது லின்டர் கத்தியிருக்கும். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

போன மாதம் யாரோ சதவீதத்தை இரண்டு முறை நூறால் வகுத்துவிட்டார்கள். 100 ரூபாய் கழிய வேண்டிய இடத்தில் 1 ரூபாய் கழிந்தது. டெஸ்ட் பச்சை. எரர் எழாமல் ஓடி முடிந்தால், டெஸ்டுகளை ஓட்டும் ஜெஸ்ட்டுக்கு அது பாஸ்தான். கவரேஜும் முழுசு, ஏனென்றால் எந்த வரி ஓடியது என்றுதான் அது எண்ணும், விடை சரியா என்று பார்க்காது. சனிக்கிழமை இரவு வாடிக்கையாளர்கள் போன் போட்டுத் திட்டிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

இத்தனைக்கும் இதைப் பிடிக்கும் விதி எங்களிடம் முதலிலிருந்தே இருந்தது. எங்கள் லின்டரான ஈஎஸ்லின்ட்டின் ஜெஸ்ட் பிளகினில் 'எக்ஸ்பெக்ட்-எக்ஸ்பெக்ட்'. ஆனால் அவர்கள் பரிந்துரைக்கும் அமைப்பில் அது வெறும் வார்னிங். பில்ட் நிற்காத மஞ்சள் வரியை யார் படிக்கிறார்கள்? அதனால்தான் எரராக மாற்றினேன். உடனே, "எங்கள் ஹெல்பர் ஃபங்ஷனுக்குள் சோதனை நடக்கிறது, லின்டருக்குப் புரியவில்லை" என்றார்கள். சரி, நியாயம்தான். அதற்கென்றே 'அசர்ட்ஃபங்ஷன்நேம்ஸ்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. உட்கார்ந்து ஒவ்வொரு ஹெல்பர் பெயரையும் நானே சேர்த்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் மிஞ்சியவைதான் இந்த 47. பிஎச்பியில் எழுதுபவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. எதையும் சோதிக்காத டெஸ்டை, அங்கே டெஸ்டுகளை ஓட்டும் பிஎச்பியூனிட்டே 'ரிஸ்கி' என்று முத்திரை குத்திவிடும்.

லின்டர் பாவம், எக்ஸ்பெக்ட் என்ற அழைப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். உள்ளே என்ன கேட்கிறோம் என்பது நம் மனசாட்சி. விடையைச் சரிபார்க்கும் வரியை, அதாவது அசர்ஷனை, எழுத மறந்தால் அது மறதி, மன்னிக்கலாம். இது மறதியா? நேற்று வரை எந்த டெஸ்ட் காலி என்று லின்டர் பட்டியல் போட்டுக் காட்டியது. இன்று அந்தப் பட்டியலையும் அழித்துவிட்டு, எல்லாம் சரி என்கிறார்கள். காலி டெஸ்டைவிட இது மோசம்.

எக்ஸ்பெக்ட்(தொகை).டுபி(900). இவ்வளவுதானே எழுதச் சொன்னேன்? கார்ட் கட்டி, கூப்பன் போட்டு, இருபத்தைந்து வரி எழுதத் தெரிந்தவருக்கு 900 என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

புல் ரிக்வெஸ்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இனிமேல் டெஸ்ட் எழுதுபவர் புரோகிராமை வேண்டுமென்றே உடைத்து, டெஸ்ட் சிவப்பாவதை எனக்குக் காட்ட வேண்டும்.

அப்புறம், அந்தத் தள்ளுபடி டெஸ்டை என்ன நினைத்து எழுதினார்கள் என்று, மாற்றங்களின் வரலாறு இருக்கும் கிட்டில் போய்த் தேடினால், அந்த மாற்றத்துக்கு எழுதிய குறிப்பு, அதாவது கமிட் மெசேஜ், 'சேஞ்சஸ்'. அதற்கு முந்தையதும் 'சேஞ்சஸ்'. அதற்கும் முந்தையது 'சேஞ்சஸ் 2'. என்னப்பா மாற்றினீர்கள்? அதையாவது ஒரு வரி எழுதக் கூடாதா?