மூன் சிறை சென்றது காணிக்கைக்காக அல்ல

"சர்ச்சுக்கு வந்த காணிக்கைக்கு வரி கேட்டு, அமெரிக்க அரசு சன் மியுங் மூனைச் சிறையில் தள்ளியது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. கொரிய மதத் தலைவரான மூன் நிறுவிய யூனிஃபிகேஷன் சர்ச்சின் காணிக்கைக்கு அந்த வழக்கில் யாரும் வரி கேட்கவில்லை. நியூயார்க் சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் மூனின் சொந்தப் பெயரில் சுமார் 16 லட்சம் டாலர் இருந்தது. அதற்குக் கிடைத்த வட்டி ஏறக்குறைய 1,12,000 டாலர். அத்துடன், அவர் பெயரில் டோங் இல் நிறுவனத்தின் 50,000 டாலர் பங்குகள். 1973 முதல் 1975 வரையிலான வரிக் கணக்குகளில் இவற்றைக் காட்டவில்லை என்பதே குற்றச்சாட்டு.

பணம் இயக்கத்துக்கே சொந்தம், தலைவர் பெயரில் வைத்திருந்தோம், அவ்வளவுதான் என்று அவர் தரப்பு வாதாடியது. வாதம் மட்டும் என்றால் பரவாயில்லை. அதற்கு ஆதாரமாகக் காட்டிய ஆவணங்கள் பின்னாளில் எழுதி முன்தேதி இடப்பட்டவை என்று அரசுத் தரப்பு காட்டியது. ஆவணத்தில் இருந்த தேதியில் அந்தக் காகிதமே தயாராகியிருக்கவில்லை என்பது வரை ஆய்வு போனது. இதைச் சொல்லாமல் விடுவது வாசகர்களுக்குச் செய்யும் அநீதி.

1982இல் ஜூரி (பொதுமக்கள் அடங்கிய நடுவர் குழு) அவரைக் குற்றவாளி என்றது; 18 மாதச் சிறை, 25,000 டாலர் அபராதம். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.

அவருக்கு ஆதரவாக வேறு பல கிறிஸ்தவ அமைப்புகள் நீதிமன்றத்தில் மனு அளித்தது உண்மை. ஜூரி வேண்டாம், நீதிபதியே விசாரிக்கட்டும் என்ற அவரது கோரிக்கை மறுக்கப்பட்டதும் உண்மை. அது நியாயமா என்று தாராளமாக விவாதிக்கலாம். ஆனால் வழக்கு எதைப் பற்றியது என்பதையே மாற்றி எழுதாதீர்கள்.