கண்ணை மூடியது தியானத்துக்கு இல்லை

எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு நடந்த பயிற்சியின் போட்டோவைப் பார்த்துவிட்டு நேற்றிலிருந்து இன்பாக்ஸில் ஒரே வாழ்த்து. "ஸ்டாஃபுக்கு எவ்வளவு செய்கிறார்கள், கொடுத்து வைத்தவர் நீங்கள்!" மூன்றாவது வரிசையில் கண்ணை மூடி சாந்தமாக உட்கார்ந்திருப்பது நான்தான். தியானம் இல்லைங்க, தூங்கிவிட்டேன். முந்தின நாள் இரவு எட்டுக்கு ஏறிய நைட் டூட்டி, அடுத்த ஷிஃப்டிடம் ஹேண்ட்ஓவர் முடிய காலை எட்டரை. ஒன்பது மணிக்கு மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி. வராதவர்களுக்கு ஆப்சென்ட்.

பயிற்சியாளர் மீது கோபமில்லை. நாலு எண்ணும்வரை மூச்சை இழுங்கள், ஏழு எண்ணும்வரை பிடியுங்கள், எட்டு எண்ணி விடுங்கள் என்றார். அதெல்லாம் வேஷம் என்று நான் சொல்லவே இல்லை. மூச்சை நிதானமாக விட்டால் நெஞ்சுப் படபடப்பு இறங்கத்தான் செய்யும். உதட்டைக் குவித்து விசிலடிக்கிற மாதிரி ஊதுங்கள் ஐயா என்று நுரையீரல் நோயாளிகளுக்குச் சொல்லித் தருவதே நாங்கள்தான். ஆபரேஷன் முடிந்தவர் கையில் மூன்று பந்துக் கருவியைக் கொடுத்து, அவர் மூச்சை இழுத்துப் பந்து மேலே ஏறும்வரை பக்கத்தில் நிற்பதும் நாங்கள்தான். எங்களுக்கு மூச்சுவிடத் தெரியும். மூச்சுவிட நேரம்தான் இல்லை.

ஆள் போடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு. அன்றிரவு என்னிடம் மூன்று பேர், அதில் இரண்டு வென்டிலேட்டர். இதில் பிடித்த கடற்கரையைக் கற்பனை செய்ய வேண்டுமாம். பெசன்ட் நகருக்குப் போயே இரண்டு வருஷமாகிறது சார்.

இப்படிப் புலம்பினால், "ஐடியில் இல்லாத டென்ஷனா?" என்று ஒரு தம்பி. இருக்கும்பா, யார் இல்லை என்றது?

"யோகாவைக் கிண்டல் செய்யாதே" என்று இன்னொருவர். தினமும் யோகா செய்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். கிண்டல் யோகாவை அல்ல. வேலையில் சக்தியெல்லாம் தீர்ந்து சோர்ந்துபோகிற 'பர்ன்அவுட்' என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோயாக வகைப்படுத்தவில்லை. வேலையிடத்து அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது என்றது. வேலையிடம், ஐயா. என் மூச்சுக்குழாய் இல்லை. துணிக்கடையில் நிற்கிற பிள்ளைகளுக்கு உட்கார இடம் வேண்டும் என்று 2021-ல் இதே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். எங்கள் நர்ஸ் ஸ்டேஷனில் இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்று உடைந்து ஐந்து மாதம். ரிப்பேருக்கு எழுதிப் போட்டேன், பயிற்சி வந்தது.

போன மாதம் ஒரு பெரியவர். தொண்டையில் டியூப், பேச முடியாது. என் பேனாவை வாங்கி ஒரு காகிதத்தில் 'காபி' என்று எழுதிக் காட்டினார். டியூப் எடுத்ததும் தருகிறேன் தாத்தா என்றேன். மறுநாள் விடியற்காலை மூன்றே முக்காலுக்குப் போய்விட்டார். துடைத்து, டியூபுகளை எடுத்து, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, பேப்பர் வேலை முடிப்பதற்குள் பக்கத்து பெட்டில் அலாரம். வெளியே அழுதுகொண்டிருந்த அவர் மகளிடம் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. ஆறு மணிக்கு அந்த பெட்டில் வேறொருவர். தாம்பரம் ரயிலில் பேனாவைத் தேடிக் கையை விட்டால் பாக்கெட்டில் அந்தக் காகிதம். இதை எத்தனை எண்ணி இழுத்து, எத்தனை எண்ணி விடுவது?

"சேவைத் தொழில் என்று தெரிந்துதானே வந்தீர்கள்" என்று எழுதிய அக்காவுக்கு என்ன பதில் சொல்ல? உங்கள் அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது என்னைத்தான் ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டீர்கள். எடுத்தேனே அக்கா. அப்போதும் டூட்டியில்தான் இருந்தேன்.

புதன்கிழமை இரண்டாவது செஷனாம். தலைப்பு, 'புன்னகையின் சக்தி'. அன்றைக்கு எனக்கு ஆஃப். இருந்தாலும் வர வேண்டும், போட்டோ எடுப்பார்களாம்.