குழாய் விட்டுப் பார்க்கும்போது தூங்கத்தான் வேண்டுமா?

‘வலியே தெரியாமல் எண்டோஸ்கோபி’ என்ற பலகையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். கேரள எல்லையில் தமிழர்கள் வாழும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இப்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ‘தூங்க வைத்துச் செய்கிறார்களா?’ என்பதுதான். பாலக்காட்டுக்குப் போவதா, திருச்சூருக்கா, வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்கா என்பதைக்கூட அதை வைத்தே முடிவு செய்கிறார்கள். எண்டோஸ்கோபி அறையில் நர்ஸாக இருப்பதால் வீட்டு வாசலிலும் எனக்கு இதே விசாரணைதான்.

“அம்மிணி, எனக்கு ஒன்றுமே தெரியக்கூடாது. நல்ல ஊசியாகப் போடச் சொல்” என்கிறார் பக்கத்து வீட்டு ஆத்தா. நல்ல ஊசி, கெட்ட ஊசி என்று எதுவும் இல்லை, ஆத்தா. ஊசி போட்ட பிறகு உங்கள் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு தலைமாட்டில் நிற்பது யார்? அதைக் கேளுங்கள்.

இரைப்பையைப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை ஐந்து, பத்து நிமிடங்களில் முடிந்துவிடும். தொண்டையை மரக்கவைக்கும் லிக்னோகைன் ஸ்ப்ரே அடித்தாலே பலரால் தாங்கிக்கொள்ள முடியும். குமட்டும், கண்ணில் நீர் வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மரமரப்பு போனதும் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டுத் தனியாகவே பஸ் ஏறிவிடலாம். மயக்கம் வேண்டாம் என்று சொல்லவும் நோயாளிக்கு உரிமை உண்டு. அதை எந்தப் பலகையிலும் எழுதுவதில்லை.

பெருங்குடல் வேறு விவகாரம். குழாய் வளைவுகளில் திரும்பும்போதும் காற்றை ஏற்றும்போதும் வயிறு இழுத்துப் பிடிக்கும். இதற்கு மிடசோலமும் ஃபென்டனிலும் சிறுகச் சிறுகக் கொடுப்பது பழைய வழி. மிடசோலம் பதற்றத்தை அடக்கும், நினைவை அழிக்கும். வலியைக் குறைப்பது ஃபென்டனில். இரண்டும் சேரும்போது மூச்சும் மந்தமாகும் என்பதால்தான் அளந்து அளந்து கொடுக்கிறோம். முதலாவதுக்கு ஃப்ளூமாசெனில், இரண்டாவதுக்கு நலாக்சோன் என்று வேகத்தை முறிக்கும் மருந்து இருப்பது பெரிய தைரியம். ஆனால் ஃப்ளூமாசெனிலின் வேகம் மிடசோலத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். விழித்தவர் மறுபடியும் மயங்கலாம். எழுந்துவிட்டாரே என்று அனுப்பிவிட முடியாது.

நான் சொன்னபடியெல்லாம் திரும்பிப் படுத்த ஒருவர், முடிந்து வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும், “எப்போது சிஸ்டர் ஆரம்பிப்பீர்கள்?” என்று கேட்பது எங்களுக்கு அன்றாடக் காட்சி. அந்த நேரத்தில் டாக்டர் முடிவைச் சொன்னால் தலையாட்டிக் கேட்பார், மறுநாள் ஒரு சொல்லும் மிஞ்சாது. கூட வந்தவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, ஊர் ஆசைப்படும் புரோபோஃபால். சோயா எண்ணெயில் கரைத்த வெள்ளை மருந்து. ஏறும்போது கை எரியும், ஒரு நிமிடத்துக்குள் தூக்கம், நிறுத்தினால் சில நிமிடங்களில் தெளிவு. பித்தக்குழாய்க் கல்லை எடுக்கும் ஈ.ஆர்.சி.பி. போன்ற நீண்ட வேலைக்கு இதைவிட வசதியானது குறைவு. குறை ஒன்றுதான், பெரிய குறை: இதன் வேகத்தை முறிக்கும் மருந்தே கிடையாது. ஆழ்ந்த தூக்கத்துக்கும் மூச்சு நிற்பதற்கும் இடைவெளி சிறியது. 2009-இல் மைக்கேல் ஜாக்சன் இறந்தது இந்த மருந்தால்தான். வீட்டுப் படுக்கையறையில், சரியான கண்காணிப்புக் கருவிகள் இல்லாமல். அமெரிக்காவில் பொது மயக்கம் கொடுக்கப் பயிற்சி பெற்றவரே இதைக் கொடுக்க வேண்டும் என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. ஜெர்மனியில் ஆபத்து குறைந்த நோயாளிகளுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்களும் கொடுக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு அப்போது வேறு வேலை தரக்கூடாது. மயக்கவியல் மருத்துவருக்கான கட்டணத்தை மிச்சம் பிடிக்க, குழாயைப் பிடிப்பவரே மூச்சையும் பார்த்துக்கொள்வார் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கொரோனா எல்லோருக்கும் பழக்கிவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது, மூச்சு நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் 98 என்றே காட்டும். வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். அது இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போவதே பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான். ‘குடிப்பீர்களா?’ என்று கேட்டால், மனைவி பக்கத்தில் இருக்கும்போது எல்லோரும் ‘எப்போதாவது’தான். அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால் பதில் மாறும். தினமும் குடிப்பவருக்கு வழக்கமான அளவு மிடசோலம் பிடிக்காமல் போகலாம். சிலர் அடங்குவதற்குப் பதில் முரண்டு பிடித்து ஊசியையே பிடுங்குவார்கள். மேலும் மேலும் கொடுத்துக்கொண்டே போனால் கடைசியில் எல்லாம் சேர்ந்து அமுக்கிவிடும். பலத்த குறட்டை, உடல் எடை, எடை குறைக்கப் போடும் செமாக்ளூடைடு ஊசி இவற்றையும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

இன்னொன்று. தமிழ்வழியில் படித்த நம்மவர்கள் மலையாளப் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள். என்ன மருந்து, யார் கொடுப்பார் என்று வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள், ஊசி ஏறுவதற்கு முன்பு.

பத்து நிமிடத்தில் கண் விழித்துவிட்டு பைக் சாவியைக் கேட்பவர்களுக்கு: 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது, பத்திரத்திலும் கையெழுத்திடக்கூடாது. துணைக்கு ஆள் இல்லையென்றால் ஸ்ப்ரேயோடு செய்ய முடியுமா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வேறு நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.