அரை லிட்டர் இலக்கு இல்லை, எல்லை

தாய்ப்பாலைக் குறைக்கும்போது ஒரு வயதுக் குழந்தைக்கு நாளுக்கு அரை லிட்டர் மாட்டுப்பால் தர வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இதைப் படிக்கும் அம்மாக்கள் டம்ளரும் கையுமாகக் குழந்தையின் பின்னால் ஓடாமல் இருக்க வேண்டுமே என்று கவலையாக இருக்கிறது. ஒன்று முதல் இரண்டு வயது வரை 350 முதல் 500 மில்லி போதும். அதுவும் தாய்ப்பால் முழுதாக நின்ற பிறகுதான். இன்னும் நாளுக்கு மூன்று நான்கு முறை தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு மாட்டுப்பால் கட்டாயமே இல்லை. ஒரு நேரம் தாய்ப்பால் நின்றால் அந்த நேரத்துக்கு அரைக் கப் பால் கொடுத்துப் பாருங்கள், போதும். தயிரும் சீஸும்கூட இந்தக் கணக்கில் சேரும்.

குறைந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். உண்மையில் கூடிப்போவதுதான் தொல்லை. மாட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் உடம்பில் சரியாகச் சேரவிடாது. வயிறு வேறு நிறைந்துவிடும். எங்கள் வீட்டுக் குழந்தை சாப்பாட்டுக்குச் சற்று முன் பால் குடித்தால், முதல் வாய்ச் சோற்றை நாக்கால் வெளியே தள்ளிவிட்டு வாயை இறுக மூடிக்கொள்வாள். பாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றியதும் தட்டு காலியானது.

அப்புறம், இரண்டு வயது வரை கொழுப்பு நீக்காத பால்தான். புட்டி வேண்டாம், கப்பில் கொடுங்கள். பாலே பிடிக்காத குழந்தை என்றால், எடை சரியாக ஏறுகிறதா என்று மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.