ஜெயித்த ஸ்காலர்ஷிப்பைக் கல்லூரி எடுத்துக்கொள்ளலாமா?

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் அக்டோபர் பிறந்துவிட்டால் ஸ்காலர்ஷிப் பேச்சுதான். எங்கள் பகுதி நூலகத்தில் விண்ணப்பம் நிரப்ப வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து நான் உதவுகிறேன். கறுப்பினப் பிள்ளைகள், லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், அகதிகளாக வந்த ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகள். கையில் காசில்லை என்பது எல்லோருக்கும் பொது. இவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குள் உறுதிப்பட்டுப்போன கருத்து ஒன்று: இந்தப் பிள்ளைகளை நாம் தப்பான வரிசையில் ஓடவிடுகிறோம். பெரிய பணம் இருக்கும் இடத்தைக் கடைசியில் காட்டுகிறோம். சின்னப் பணத்துக்காக ராத்திரி பகலாகக் கட்டுரை எழுத வைக்கிறோம். அதை அவர்கள் ஜெயித்துக்கொண்டு வந்தாலும் பல கல்லூரிகள் சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொள்கின்றன.

பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். அதனால் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். ஒரு பெண் சேரப்போகும் கல்லூரியில் வருடச் செலவு 60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தால் ஒன்றும் கொடுக்க முடியாது. கல்லூரி தன் நிதியிலிருந்து 45,000 தருகிறது. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் 7,395. மீதி 7,605க்கு 5,500 டாலர் கல்விக் கடனும், வளாகத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்க 2,105ம் எழுதிக் கொடுக்கிறார்கள். இப்போது அந்தப் பெண் வெளியே ஒரு அறக்கட்டளையிடம் 5,000 டாலர் ஸ்காலர்ஷிப் வாங்கிவிடுகிறாள். நல்ல கல்லூரியாக இருந்தால் கடனில் கழிக்கும், அவள் கடன் 500 ஆகிவிடும். இல்லையென்றால் தான் தருவதாகச் சொன்ன 45,000ஐ 40,000 ஆக்கிக்கொள்ளும். அவள் கையில் ஒரு டாலர்கூட ஏறாது, கடன் அப்படியே நிற்கும். அறக்கட்டளை அவளுக்கென்று கொடுத்தது கல்லூரிக் கணக்குக்குப் போய்விட்டது.

இதற்கு ஸ்காலர்ஷிப் டிஸ்பிளேஸ்மென்ட் என்று பெயர். தேவையைவிட அதிகமாக உதவி போய்விடக்கூடாது என்று மத்திய அரசின் விதி இருக்கிறது என்பார்கள், உண்மைதான். ஆனால் எதைக் குறைப்பது, கடனையா இலவசப் பணத்தையா என்பது பெரும்பாலும் கல்லூரியின் முடிவு. மேரிலாந்து மாநிலம் 2017இல் அரசுக் கல்லூரிகள் இப்படிச் செய்வதற்குச் சட்டம் போட்டுக் கடிவாளமிட்டது. கலிஃபோர்னியாவும் பெல் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு 2023-24 கல்வியாண்டிலிருந்து பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. எல்லா மாநிலங்களிலும் ஏன் இந்தச் சட்டம் இல்லை என்பதுதான் என் கோபம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தேவை அடிப்படையிலான உதவியே கிடையாது, அதனால் பறிபோகவும் ஒன்றுமில்லை. ஏழைப் பிள்ளையிடம்தான் இந்தக் கழித்தல் வேலை நடக்கிறது.

சரி, வரிசை எது? முதலில் ஃபாஃப்சா, அதாவது மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம். பெயரிலேயே இலவசம் என்று இருக்கும் படிவம் அது. அதை நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள். பெல் கிராண்ட், மத்திய அரசின் கடன், பல மாநிலங்களின் உதவி, கல்லூரியின் சொந்த நிதி எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று தாங்களே முடிவுகட்டி அதை நிரப்பாமல் விடும் வீடுகளைப் பார்க்கும்போதுதான் மனசு அடித்துக்கொள்கிறது. அடுத்து, தங்கள் சொந்த நிதியைத் தருவதற்காகத் தனியார் கல்லூரிகள் சில கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இன்னொரு படிவம். அதற்குக் கட்டணம் உண்டு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தள்ளுபடியும் உண்டு. படிப்பில் கெட்டியான பிள்ளை என்றால் குவெஸ்ட்பிரிட்ஜ், ஏழைப் பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளோடு இணைத்துவிடும் அமைப்பு. நான்கு வருடச் செலவும் கிடைக்கக்கூடிய வழி அது. ஆனால் அதன் கெடு செப்டம்பர் கடைசியிலேயே முடிந்துவிடும், அக்டோபரில் விழித்துக்கொள்பவர்களுக்கு எட்டாது. இவையெல்லாம் முடிந்த பிறகு மற்ற ஸ்காலர்ஷிப்புகள்.

நம் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும், இங்கே பிறந்து குடியுரிமை உள்ள பிள்ளை ஃபாஃப்சா நிரப்பலாம். கிரீன் கார்டு உள்ள பிள்ளையும், புகலிடம் கிடைத்த பிள்ளையும் நிரப்பலாம். எச்-1பி வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. அம்மாவுக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையே என்று தயங்க வேண்டாம், அது இல்லாமலும் ஃபாஃப்சாவுக்கான கணக்குத் தொடங்கலாம். 2023 டிசம்பர் 30 அன்று புதிய படிவம் வந்தபோது அந்த எண் இல்லாத பெற்றோரால் அதை முடிக்கவே முடியவில்லை. பிறகுதான் சரிசெய்தார்கள். குடியேறிகள் வீட்டுப் பிள்ளைகள்தான் அந்த வருடம் அதிகம் தவித்தார்கள். எளிமையாக்குகிறோம் என்று சொல்லிக் கொண்டுவந்த படிவம் அது!

சிறுபான்மையினருக்கான நிதிகள் என்றாலே சலுகை என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். கறுப்பினக் கல்லூரிகளுக்காகப் பணம் திரட்டும் யுஎன்சிஎஃப் 1944இல் தொடங்கியபோது தெற்கு மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களை உள்ளேயே விடவில்லை. அவர்களுக்கான கல்லூரிகள் ஒன்றுசேர்ந்து பணம் திரட்டின. லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கான ஹிஸ்பானிக் ஸ்காலர்ஷிப் ஃபண்ட் 1975இல் வந்தது. ஆசிய, பசிபிக் தீவுப் பிள்ளைகளுக்கான ஏபிஐஏ ஸ்காலர்ஸ் 2003இல் வந்தது, அது நம் பிள்ளைகளுக்கும் உரியது. 'ஆசியர் என்றால் பணக்காரர்' என்ற நினைப்பில் உணவகத்திலும் பெட்ரோல் பங்கிலும் வேலை பார்க்கும் நம் ஆட்களின் பிள்ளைகள் ஒதுங்கி நிற்கிறார்கள். ஒதுங்க வேண்டாம்.

2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு வழக்கில் இனத்தைப் பார்த்து மாணவர்களைச் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியது. ஆனால் அன்றைக்கே மிசௌரி மாநில அட்டர்னி ஜெனரல் ஸ்காலர்ஷிப்புக்கும் அது பொருந்தும் என்று எழுதினார். அங்குள்ள பல்கலைக்கழகமும் இன அடிப்படையிலான உதவிகளைக் கைவிட்டது. சிறுபான்மை மாணவர்களுக்கென்று 2017இல் தொடங்கிய கேட்ஸ் ஸ்காலர்ஷிப்பும் 2025இல் பெல் தகுதியுள்ள எல்லோருக்குமாக மாறியது. தேவையை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்கிறார்கள். படிவம் காணும் தேவை வேறு, வீடு அறிந்த தேவை வேறு. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிற வீட்டின் சுமை ஃபாஃப்சாவில் எங்கேயும் ஏறாது. அடமானம் வைக்க வீடில்லாத குடும்பமும், ஒரு அவசரத்துக்குக் கடன் கேட்க உறவே இல்லாத குடும்பமும், அதே வருமானமுள்ள இன்னொரு குடும்பமும் அந்தப் படிவத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே போன வருடம் கேட்டறிந்த விதியை நம்பாமல் ஒவ்வொன்றின் நிபந்தனையையும் இந்த வருடம் புதிதாகப் படியுங்கள்.

கட்டுரைகள் பற்றி ஒரு வார்த்தை. அப்பா குடித்ததையும் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டதையும் எழுதினால்தான் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு யாரோ சொல்லிவைக்கிறார்கள். எழுத விரும்பினால் எழுதட்டும். தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப்போட்டுவிட்டுக் கால்குலஸ் படித்த கதையும் போதும், அதில் அந்தப் பிள்ளையின் திறமை தெரியும்.

உதவிக் கடிதம் கைக்கு வந்ததும், சேருகிறேன் என்று சொல்வதற்கு முன்பே, நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்: வெளி ஸ்காலர்ஷிப் கொண்டுவந்தால் முதலில் எதைக் குறைப்பீர்கள்? பதில் எழுத்தில் வேண்டும், போனில் சொன்னதை நம்ப வேண்டாம். தான் தரும் இலவசப் பணத்தைக் குறைக்கும் கல்லூரி என்றால் அறக்கட்டளைக்கு அதைத் தெரியப்படுத்துங்கள். சில அறக்கட்டளைகள் பணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்துத் தர ஒப்புக்கொள்ளும். இன்னொன்று, 2026-27க்கான ஃபாஃப்சா 2024 வருமானத்தைத்தான் பார்க்கும். அதற்குப் பிறகு அப்பாவுக்கு வேலை போயிருந்தால், அம்மா நோயில் படுத்திருந்தால், ஆதாரத்தோடு கடிதம் எழுதிக் கணக்கை மறுபடி பார்க்கச் சொல்லலாம். அப்படி மாற்றிக் கொடுக்கக் கல்லூரிக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேர்ந்து எழுதுவோம்.